பொறி வரவில்லை

1999 தை மாதம் நேமத்தான்பட்டியில் ஒரு கல்யாண வீட்டில் நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் ஒருவருக்கு வேலை போனது. பெயரும் போனது. அவர் அந்த வீட்டு டிரைவர். நான் காரைக்குடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். பொய், ஸ்டார்ட் ஆகாமல் நின்ற ஒரு அம்பாசிடரைப் பற்றியது.

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு நியாயமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. பயந்தேன். அவ்வளவுதான். இப்போது எழுதுவதையும் மனம் திருந்தி எழுதுகிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போன வருடம் நடந்த ஒன்று என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அது வரைக்கும் முழுவதையும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

வண்டி மார்க் 2 அம்பாசிடர். பெட்ரோல் எஞ்சின், 1489 சி.சி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக் காரின் உடம்பை வாங்கி, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. அந்த வீட்டு அப்பச்சி வாங்கியது. அவர் காலமான பிறகும் அவர் மனைவி ஆச்சி அதை விற்கவில்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் வருடத்தில் பாதி நாள் ஆச்சி, சமையலுக்கு ஒரு அம்மாள், டிரைவர், இவர்கள்தான். வளவில் பாதி அறைகள் பூட்டியே கிடக்கும். வீட்டை ஒட்டிய கார் கொட்டகை மட்டும் தினம் காலையில் திறக்கும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறும் வரை நின்று, துடைத்துவிட்டுத்தான் காப்பி குடிக்கப் போவார்.

அவர் என்னைவிட மூத்தவர். என்னைத் தம்பி என்பார். நான் அண்ணே என்பேன். அவரிடம் ஒரு 40 பக்க நோட்டு இருந்தது. என்றைக்கு எத்தனை லிட்டர் போட்டார், அப்போது மீட்டர் எவ்வளவு காட்டியது என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதி வைத்திருப்பார். அப்பச்சி காலத்துப் பழக்கம். கணக்குப் பிள்ளைகளை வைத்துக் கணக்கெழுதிய வீட்டில் டிரைவருக்கும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் வண்டி என்னிடம் சர்வீஸுக்கு வந்தது. தை மாதம், முகூர்த்த நாட்கள். சுற்றியுள்ள ஊர்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் எல்லாம் திறந்து, கொட்டகையில் நின்ற கார்கள் எல்லாம் வரிசையாக என் வாசலுக்கு வந்துவிட்டன. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. எந்த வண்டியையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அம்பாசிடருக்கு புது பாயிண்ட், புது கண்டன்சர், நாலு பிளக். ஃபீலர் கேஜ் வைத்து பாயிண்ட் இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, வைத்தேன். பிளக்கில் 25 தௌ. அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். சரியாகச் செய்ததைச் சொல்வதில் ஒரு மெக்கானிக்குக் கஷ்டமில்லை.

தவறு எங்கே என்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டுக்குப் போகும் ஒரு சின்ன வயர். விரல் நீளம்கூட இருக்காது. அதைச் சுவரோரமாக மடக்கி விட வேண்டும். நடுவில் சுழலும் கேம் பக்கம் போகக் கூடாது. அன்று வாசலில் இன்னொரு வண்டிக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வயரை உள்ளே தள்ளி, மூடியைப் போட்டு கிளிப்பை மாட்டிவிட்டேன். குனிந்து பார்க்கவில்லை. செல்ஃப் அடித்தேன், முதல் சுற்றிலேயே பிடித்தது. அதுவே போதும் என்று நினைத்தேன்.

அப்படிப் பிடித்த வண்டி ஒரு வாரம் நன்றாகவே ஓடியது.

கல்யாணம் ஆச்சியின் பேரனுக்கு. நகரத்தார் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரவர் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் இந்த வீட்டாருக்கு இரணியூர். பிள்ளைகளின் கல்யாணங்களுக்கு அந்த அம்பாசிடரில்தான் மாலை வந்ததாம். பேரனுக்கும் அதில்தான் வர வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை. பெரிய ஆசை இல்லை. வீட்டில் அதைவிடப் புதிய கார்கள் அன்று ஐந்தாறு நின்றன. ஆச்சி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

விடியற்காலை போன் வந்தது. செல்ஃப் அடிக்கிறது, வண்டி பிடிக்கவில்லை. நான் என் டூவீலர் எம்.80-ஐ எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியிலேயே எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் ஒருவன் கைவைத்த வண்டி இந்த வாரம் நின்றால், முதலில் அவன் கைவைத்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். இது தொழிலில் பால பாடம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி இதைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

கொட்டகை வாசலில் கூட்டம். மாப்பிள்ளையின் பெரியப்பா, சித்தப்பா, சென்னைப் பையன்கள், வேட்டியை மடித்துக் கட்டிய பங்காளிகள். ஆளுக்கொரு யோசனை. தள்ளிப் பார்க்கலாமா என்றார் ஒருவர். பெட்ரோல் இருக்கா பாருங்கப்பா என்றார் இன்னொருவர். வண்டி நின்றால் எல்லோரும் மெக்கானிக் ஆகிவிடுவார்கள். அது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று எல்லோரும் என்னைப் பார்த்து வழி விட்டார்கள். அந்த வழி விடுதல் எனக்குப் பிடித்திருந்தது.

ஆச்சியின் இளைய மகன், எல்லோரும் சின்னவர் என்பார்கள், முன்னால் வந்தார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

“போன வாரம்தானே சர்வீஸ் பண்ணீங்க?”

“ஆமாண்ணே. எல்லாம் புதுசு மாத்தியிருக்கேன்.”

இப்போது நான் செய்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன். பானெட்டைத் திறந்தேன். முதல் பிளக்கைக் கழற்றினேன். முனை நனைந்திருந்தது. பெட்ரோல் வருகிறது என்று அர்த்தம். பிளக்கை அதன் வயரில் மாட்டி, எஞ்சினின் இரும்பில் படும்படி வைத்து, டிரைவரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நல்ல வண்டியில் பிளக் நுனியில் நீலப் பொறி டக் டக்கென்று விழும். விடியற்காலை இருட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. பொறி விழுந்திருந்தால் தெளிவாகத் தெரிந்திருக்கும். விழவில்லை. இன்னொரு முறை அடிக்கச் சொன்னேன். விழவில்லை. என் முதுகு பிளக்கைக் கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

செல்ஃப் அடித்தும் பிடிக்காத பழைய வண்டிக்கு மூன்று கேள்விகள்தான். கரண்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா. பெட்ரோல் வருகிறது. தினம் ஓடிய எஞ்சினில் ஒரே இரவில் கம்ப்ரஷன் போகாது. கரண்ட் இல்லை. கரண்ட் பக்கத்தில் பாயிண்ட்டும் கண்டன்சரும் பிளக்கும் நான் மாட்டியவை. எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. எந்த வயர் என்று தெரியாது. யாருடைய கை என்று தெரியும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தள்ளித் திறந்திருந்தால் போதும். டார்ச் அடித்துப் பார்த்தால் வயர் கண்ணில் பட்டிருக்கும். ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பில் முடிந்திருக்கும். மாலை அந்த வண்டியிலேயே வந்திருக்கும். ஆனால் திறந்தால், திறக்கிற இடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். “அது போன வாரம் மாத்தினதுதானே?” என்று சின்னவர் கேட்பார். “ஆமாண்ணே, என் தப்பு” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விலை. ஐந்து வார்த்தை கூட இல்லை.

அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டு வண்டிகள் என்னிடம் வந்தவை. அவர்கள் முன்னால் குனிய மாட்டேன் என்று நின்றேன்.

பிளக்கை மூக்கருகே கொண்டுபோனேன். முகர்ந்தேன். பெட்ரோல் வாடைதான் அடித்தது. நான் சொன்னது வேறு.

“பெட்ரோல் சரியில்லண்ணே. மண்ணெண்ணெய் வாடை அடிக்குது.”

அப்போது அதை நான் கொஞ்சமாவது நம்பினேனா என்று பல வருடம் என்னையே கேட்டிருக்கிறேன். ஆமாம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நம்பவில்லை.

மண்ணெண்ணெய் என்ற வார்த்தை அந்தக் காலத்தில் எவ்வளவு எளிதாகப் பற்றும் என்பது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ரேஷனில் மலிவாகக் கிடைத்தது. பெட்ரோலில் கலப்பது ஊரறிந்த திருட்டு. டிரைவர்கள் பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றி அளவைச் சரிக்கட்டுவார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு. நான் எடுத்து வீசியது அந்தக் கதையைத்தான். மீதியைக் கூட்டம் பார்த்துக்கொண்டது.

“பெட்ரோல் யார் போட்டது?” என்றார் சின்னவர்.

“நான்தான் சின்னய்யா. முந்தாநாள் போட்டேன்” என்றார் டிரைவர்.

கூட்டத்தில் ஒருவர் நியாயமாக ஒன்று கேட்டார். “பங்க்லயே கலந்திருப்பானோ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இங்கே எனக்கு ஒரு வழி இருந்தது. இருக்கலாம் என்று சொல்லியிருந்தால் பழி யார் தலையிலும் உட்காராமல் காற்றோடு போயிருக்கும். ஆனால் அந்த பங்கில் எனக்குக் கணக்கு உண்டு. கடனுக்கு ஆயில் கொடுப்பார்கள். என் பேச்சு அவர்கள் காதுக்குப் போனால் கடன் நின்றுவிடும். ஒரு நொடியில் இவ்வளவும் கணக்குப் போட்டேன்.

“அந்த பங்க்ல அப்படி இருக்காதுண்ணே.”

நான் டிரைவர் மேல் கை நீட்டவில்லை, அவர் பெயரைச் சொல்லவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். கை நீட்டுவதைவிட மோசமானதைச் செய்தேன். அவர் வெளியேற இருந்த கதவையும் நானே சாத்தினேன்.

அவர் கத்தவில்லை. ஓடிப்போய் டேஷ்போர்டில் இருந்த நோட்டை எடுத்து வந்தார். போட்ட லிட்டருக்கும் ஓடிய தூரத்துக்கும் கணக்குச் சரியாக இருக்கிறது, பாருங்கள் என்று சின்னவரிடம் நீட்டினார். சின்னவர் வாங்கவில்லை. பிறகு டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, ஒரு பேப்பர்ல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. உங்களுக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியும். ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் இரண்டு நிமிடத்தில் ஆவியாகிவிடும், எண்ணெய்க் கறை நிற்காது. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கறை அங்கேயே உட்கார்ந்திருக்கும். பங்குகளில் வாடிக்கையாளர் கேட்டால் அந்தப் பேப்பரைக் கொடுத்தாக வேண்டும். ஃபில்டர் பேப்பர் கூட வேண்டாம், ஒரு வெள்ளைத் தாள் போதும், ஓரளவு தெரிந்துவிடும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் வேறு சேர்ப்பார்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தாலே சந்தேகம் தீர்ந்திருக்கும். வீட்டில் கல்யாணப் பத்திரிகை கட்டுக்கட்டாகக் கிடந்தது. டம்ளர்கள் நூற்றுக்கணக்கில் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

“அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லண்ணே. நல்ல நேரம் போகுது. வேற வண்டில கிளம்பச் சொல்லுங்க” என்றேன்.

நல்ல நேரம் என்று சொன்னதும் கூட்டம் கலைந்தது. அந்த வார்த்தையையும் தெரிந்துதான் எடுத்தேன்.

சின்னவர் சாவியைக் கேட்டார். டிரைவர் இடுப்பிலிருந்து வளையத்தை எடுத்தார். அதில் கார் சாவி, கொட்டகைச் சாவி, அவருடைய சைக்கிள் சாவி மூன்றும் இருந்தன. சைக்கிள் சாவி எளிதில் கழலவில்லை. நகத்தால் வளையத்தை நெம்பி நெம்பி அதை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் கொடுத்தார். அத்தனை பேர் பார்க்க அதைச் செய்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என் சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் வளையம் சுலபமாக விரிந்திருக்கும். அதைக்கூடக் கொடுக்கவில்லை.

மாலை ஒரு வாடகை வேனில் வந்தது. கல்யாணத்தில் வேறு எந்தக் குறையும் இல்லை என்றார்கள்.

வண்டியைக் கயிறு கட்டி காரைக்குடிக்கு இழுத்து வந்தேன். அன்று இரவு பையன்களை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். முதலில் டெஸ்ட் லேம்ப்பை எடுத்தேன். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வயர் போகும் முனையில் வைத்து செல்ஃப் அடித்தால் விளக்கு விட்டுவிட்டு மினுக்க வேண்டும். மினுக்கவில்லை, அணைந்தே இருந்தது. அந்த வயரைக் காயிலிலிருந்து கழற்றினேன். விளக்கு எரிந்தது. குறை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் என்று வெளியிலிருந்தே தெரிந்துவிட்டது. இதைக் காலையில் கல்யாண வீட்டு வாசலில் செய்ய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மூடியைத் திறந்தேன். நான் மடக்கி விட்ட வயர் கேமின் மேல் சாய்ந்திருந்தது. ஒரு வாரமாகக் கேம் சுழன்று சுழன்று அதன் உறையைத் தேய்த்திருக்கிறது. உறை போய்ச் செம்பு நூல் பளபளவென்று தெரிந்தது. செம்பு கேமில் பட்டு எர்த் ஆகிவிட்டது.

அந்தச் செம்பு நூல் ஏன் ஒரு காரையே நிறுத்தியது என்பதைச் சொல்ல வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட் காயிலுக்குள் ஓடி, பாயிண்ட் வழியாக எர்த்துக்குப் போகும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுபட வேண்டும். வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாயே அதிருமே, அதுபோல ஓட்டம் அறுபடும் அதிர்ச்சியில்தான் காயிலின் உள்சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பும். அது ரோட்டருக்குப் போய் 1-3-4-2 என்ற வரிசையில் நாலு பிளக்குக்கும் பிரியும். வயர் எர்த்தில் ஒட்டிக்கொண்டால் பாயிண்ட் திறந்தும் பயனில்லை. ஓட்டம் அறுபடவே அறுபடாது. பொறியும் கிடையாது. மற்ற எல்லாம் புதிதாக இருக்கும், எல்லாம் சரியாக இருக்கும், வண்டி மட்டும் பிடிக்காது.

புது வயர் போட்டு, சுவரோரமாக மடக்கி, செல்ஃப் அடித்தேன். பிடித்தது.

பிறகு பெட்ரோலைக் கொஞ்சம் பிடித்து ஒரு வெள்ளைத் தாளில் சொட்டு விட்டேன். எதற்காக என்று கேட்டால், எங்கேயாவது ஒரு கறை தெரியாதா என்ற நப்பாசை. தாள் சுத்தமாகக் காய்ந்தது. விளிம்பில் கூட ஒன்றும் இல்லை. அதைக் கசக்கிப் போட்டேன்.

அப்போதாவது போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஊர் அப்படி ஒன்றும் தூரமில்லை. நான் செய்தது வேறு. டேங்க்கைக் கழற்றினேன். நல்ல பெட்ரோலை வெளியேற்றினேன். டேங்க்கைக் கழுவினேன். கார்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தேன். எல்லாம் பொய்க்கு உடம்பு கொடுக்க. கெட்டுப்போகாத ஒன்றுக்கு ரிப்பேர் பில் போட்டேன். வெளியேற்றிய பெட்ரோலை என் எம்.80-க்கே பல நாள் ஊற்றினேன். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் என்று நான் சொன்ன அதே பெட்ரோல். ஒரு தடவை கூட வண்டி இருமவில்லை.

கல்யாணம் முடிந்து வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். ஆச்சி முகப்பில் உட்கார்ந்திருந்தார். வீடு காலியாகத் தொடங்கியிருந்தது. வாடகைப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“ஏம்ப்பா, நெசமாவே மண்ணெண்ணெயா?” என்றார்.

அவர் கேட்ட விதத்தில், இல்லை என்ற பதிலை எதிர்பார்த்தது தெரிந்தது. அப்பச்சிக்கு நெஞ்சுவலி வந்த இரவில் அவரைக் கொண்டுபோனவர் அந்த டிரைவர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆச்சிக்கு ஒரு வார்த்தை போதும். திரும்ப அழைத்துக்கொள்வார். கல்யாண வீட்டில் கூட்டம் இருந்தது, நேரம் இல்லை, பயந்துவிட்டேன் என்றெல்லாம் சாக்குச் சொல்லலாம். முகப்பில் அந்த நேரம் கூட்டமும் இல்லை, அவசரமும் இல்லை.

“ஆமா ஆச்சி” என்றேன்.

முதல் பொய்யைவிட இதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். நீங்கள் எப்படி எண்ணுவீர்களோ தெரியாது.

சின்ன ஊர். அந்தப் பேச்சு நேமத்தான்பட்டியோடு நிற்கவில்லை. டிரைவர் வேறு வீடுகளில் வேலை கேட்டுப் பார்த்தார். கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் பங்காளி, சம்பந்தி. யாரும் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை. இப்ப டிரைவர் தேவைப்படல என்றார்கள், அவ்வளவுதான். ஒருமுறை கழனிவாசல் பக்கம் எதிரில் வந்தார். சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்றார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். நான் எம்.80-ஐ நிறுத்தவில்லை. பிறகு மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் இரவு வாட்ச்மேன். ஸ்டீயரிங் பிடித்த கை.

ஆச்சிக்கு வந்த புது டிரைவர் நிலைக்கவில்லை. அடுத்தவரும் நிலைக்கவில்லை. ஆச்சி வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். வண்டி கொட்டகையிலேயே நின்றது. நின்ற வண்டிக்கு எத்தனை நோய் வருமோ அத்தனையும் வந்தது. டேங்க்கில் துரு, பிரேக் பிடித்துக்கொண்டது, ரப்பர் எல்லாம் வெடித்தது. ஒவ்வொன்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கூலி வாங்கினேன். நம்பிக்கையான மெக்கானிக் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் கல்யாண வாசலில் நான் காப்பாற்றிக்கொண்ட பெயர் அது. இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆச்சி காலமாகியும் பல வருடம் ஆகிவிட்டது.

இனி போன வருடத்துக்கு வருகிறேன்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு புதுக் கவலை. 2023க்குப் பிறகு 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியில் தண்ணீர் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் பம்ப்பின் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறிப்போகும், இறுகிப்போகும். இது உண்மை. ஆனால் இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு, தனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாத எல்லாக் குறைக்கும் எத்தனால் என்று சொல்லிவிடும் மெக்கானிக்குகளையும் பார்க்கிறேன். அவர்களைக் கண்டிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. எனக்கு மண்ணெண்ணெய் கிடைத்தது, அவர்களுக்கு இது.

சின்னவர் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு ஊருக்கு வந்திருந்தார். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. அப்பச்சி வண்டியை மறுபடி ஓட்ட வேண்டும் என்று ஆசை. கொஞ்சம் வேலை பார்த்து ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அதுதான் மறுபடி நின்றுவிட்டது. செல்ஃப் அடிக்கிறது, பிடிக்கவில்லை. அதே கொட்டகை. சுற்றிலும் அடுத்த தலைமுறைப் பையன்கள், கையில் போன்.

நான் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். இப்போதெல்லாம் எந்த வண்டியிலும் என் கை முதலில் அங்கேதான் போகிறது. சரியாக இருந்தது. பொறி நன்றாக விழுந்தது. பிளக் காய்ந்திருந்தது. பெட்ரோல்தான் வரவில்லை. பம்ப்பைப் பிரித்தால் டயாஃப்ரம் ஓட்டை. இந்தத் தடவை நிஜமாகவே பெட்ரோல் பக்கம்.

சின்னவர் சிரித்துக்கொண்டே பையன்களிடம் சொன்னார். “அந்தக் காலத்துல நம்ம டிரைவர் மண்ணெண்ணெய் கலந்தாரு. இப்ப கவர்மெண்டே கலக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பையன்களுக்கு அவரை நேரில் தெரியாது. ஆனால் கதை தெரிந்திருந்தது. “அந்த மாலை கொண்டுவராத கார்தானே?” என்று ஒருவன் கேட்டான். அந்த வீட்டில் அவர் ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு மனிதர் காலமெல்லாம் காலையில் துடைத்து வைத்த வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு, அவரைத் தெரியாத பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

பையன்கள் போன பிறகு சின்னவரிடம் சொன்னேன். வயர், கேம், வெள்ளைத் தாள், டேங்க் கழுவியது, பில், எல்லாம். குரல் நடுங்கியது. நடுங்கியதைச் சொல்வது இரக்கம் சம்பாதிக்க அல்ல. சின்னவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா ரொம்ப நாள் அவரைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாங்க” என்றார். நோட்டைத் தான் வாங்கிப் பார்க்கவில்லை என்றும் அவரே சொன்னார். எனக்குப் பங்கு குறைய வேண்டும் என்று அதைச் சொன்னாரா, தன் பங்கை ஒப்புக்கொண்டாரா, தெரியவில்லை. என் பங்கு அதனால் குறையாது.

உள்ளே போய் ஒரு கவர் கொண்டுவந்தார். 50,000 ரூபாய்.

“அவர் எங்க இருக்காருன்னு உங்களுக்குத்தானே தெரியும். நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க. நான் போனா நல்லா இருக்காது.”

வாங்கிக்கொண்டேன். திருப்பூரில் அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். மகன் போன் நம்பரும் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து போய்வர முடியாத ஊர் அல்ல. கவரை நீட்டினால் எதற்கு என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் திருப்பூர் போகிறார் என்று தெரிந்தபோது, ஆச்சி வீட்டில் கொடுக்கச் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லி அவரிடம் கொடுத்தனுப்பலாமா என்று யோசித்தேன். கவரை எடுத்துப் பையில் கூட வைத்தேன். அப்படிக் கொடுத்தால் அவர் என்ன நினைப்பார்? செய்யாத திருட்டுக்கு அவர்கள் மனமிரங்கி மன்னித்து அனுப்பிய காசு என்றல்லவா நினைப்பார். அது புரிந்து கவரைத் திரும்ப மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். அதற்கப்புறம் நானே கிளம்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

கவர் இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது. கழுவ வேண்டியிராத டேங்க்குக்கு நான் வாங்கிய கூலியோடு, இப்போது அவருடைய 50,000 ரூபாயும் என்னிடம் நிற்கிறது.